ஏணியில் முப்பத்தேழு ஆணிகள்

1775 அக்டோபர் 9

பாதிரியார் வீட்டுச் சமையற்காரி மத்தியானம் வந்தாள். மணிக்கட்டு பிசகியிருந்தது. வழக்கம்போலப் பின்பக்க வேலியைத் தாண்டி, என் மனைவி அபோலேனாவின் முட்டைக்கோஸ் பாத்தியை மிதித்துக்கொண்டு வந்தாள். வந்ததும் "யாரும் பாக்கலியே?" என்றுதான் கேட்டாள். கைவலி அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது.

இழுத்துச் சரிசெய்து கட்டிவிட்டேன். நான் இந்த ஊரின் தூக்குக்காரன். நீதிமன்றம் சொன்னால் மூட்டைக் கழற்றுவேன், ஜனங்கள் கெஞ்சினால் மாட்டிவிடுவேன். இரண்டுக்கும் ஒரே படிப்புதான். ஊர் வைத்தியருக்குக் கழற்றவும் தெரியாது, மாட்டவும் தெரியாது. ஆனாலும் அவர் வீட்டுக்கு வாசல் வழியாகப் போகிறார்கள். தூக்குக்காரன் கை பட்டவனை ஊரில் யாரும் தொடமாட்டார்கள், சங்கத்தில் சேர்க்கமாட்டார்கள், பெண் கொடுக்கமாட்டார்கள். அதனால் என் வீட்டுக்கு மட்டும் வேலி வழி.

"முன்கதவ ஆணியடிச்சு மூடிடுங்க. அந்த வழியாக் குளிர் மட்டுந்தான் வருது" என்றாள் அபோலேனா. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கதவைத் தட்டியது நீதிமன்றச் சேவகன் ஒருவன்தான். அவனும் கையால் தட்டமாட்டான், தடியால் தட்டுவான்.

அக்டோபர் 12

பீர் காய்ச்சும் ஹினெக்கின் பார்லிக் கொட்டகை நேற்று எரிந்தது. நானும் வாளியோடு ஓடினேன். வரிசையில் நின்றவர்கள் யாரும் என் வாளியை வாங்கவில்லை. கொட்டகை போனால் கட்டிக்கொள்ளலாம், மானம் போனால் வராதாம். கொட்டகை போயிற்று.

அக்டோபர் 15

ஹினெக்கின் வேலைக்காரி ரோசினாவைச் சிறையில் போட்டிருக்கிறார்கள். கடைசியாக லாந்தரோடு கொட்டகைக்குள் போனவள் அவள் என்று ஹினெக் வீட்டுச் சமையற்காரர் ஒருவர் சாட்சி சொல்லியிருக்கிறார்.

இதைப் பீர்க்கடையில் கேட்டேன். என் முக்காலி கதவோரத்தில் இருக்கிறது. என் குவளை சுவரில் சங்கிலியில் தொங்குகிறது, வேறு யாரும் தவறிப்போய் எடுத்துவிடக் கூடாதே. கடைக்காரன் பார்ட்டா, ஜாடி என் குவளையில் படாமல் ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுவான். பாதி தரையில் போகும். இருபது வருஷப் பழக்கத்தில் இப்போது முக்கால்வாசி உள்ளே விழுகிறது. அவனுக்கும் ஒரு தொழில் கைகூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அக்டோபர் 20

இன்று சித்திரவதைச் சாமான்களைக் காட்டும் நாள்.

சட்டத்தின் கணக்கு இதுதான். இரண்டு பேர் கண்ணால் பார்த்திருந்தால் முழுச் சாட்சி. ஒருவர் பார்த்திருந்தால் அரைச் சாட்சி. அரைச் சாட்சியை வைத்துத் தண்டிக்க முடியாது, குற்றவாளியே ஒத்துக்கொள்ள வேண்டும். ஆக, மீதி அரையை என் ஏணியில் எடுக்க வேண்டும். முதலில் காட்டுவது, பிறகு கட்டுவது, பிறகு இழுப்பது. ஒத்துக்கொண்டால் கழுத்து போகும். கொட்டகை கொளுத்தியவருக்கு அதுதான் தண்டனை. அதையும் நான்தான் செய்ய வேண்டும்.

நீதிபதி லெடெரர் மேஜைக்குப் பின்னால், எழுத்தர் பக்கத்தில். நான் கடைக்காரன் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். ரோசினாவுக்கு இருபத்துநான்கு வயது இருக்கும். தடித்த மணிக்கட்டு. பயம் முகத்தில் இருந்தது, வாயில் இல்லை.

"இது கட்டைவிரல் திருகு" என்றேன்.

"வாதுமக்கொட்ட ஒடைக்கிறதுன்னு நெனச்சேன்."

"இது ஏணி. இதுல கட்டி, கையப் பின்னாடி மேல இழுப்போம்."

அவள் ஏணியை மட்டும் நின்று பார்த்தாள். குனிந்து நகத்தால் சுரண்டினாள்.

"எங்கப்பா கூரை வேயறவரு. ஏணிமேலதான் நான் வளந்தேன். இது உளுத்த ஏணிங்க. நாலாவது படிய மிதிச்சா மாவாக் கொட்டும். நான் விழுந்து செத்துட்டா, அப்புறம் ஐயா யாரை ஒத்துக்க வைப்பாரு?"

நீதிபதி எழுந்து வந்து கைத்தடியால் நாலாவது படியைக் குத்தினார். மாவாகக் கொட்டியது. எழுத்தர் எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல் மைக்கூட்டைப் பார்த்தார்.

மகாராணியின் சட்டப் புத்தகத்தில் ஒவ்வொரு சாமானுக்கும் படம் உண்டு. நீளம், அகலம், கயிற்றின் பருமன் எல்லாம் அளவோடு. மரம் உறுதியாக இருக்க வேண்டும் என்று ஏணிப் படத்துக்குக் கீழேயே இருக்கிறது. நீதிபதி அதை மூன்று முறை படித்துவிட்டு, "ஏணிய சரிபண்ணிட்டு வாய்யா" என்றார்.

போகுமுன் சட்டப்படி அவள் தோளில் கை வைத்து, இவள் தூக்குக்காரன் வசம் என்று சொல்ல வேண்டும். சொன்னேன். அப்போதுதான் அவள் வாயடைத்தாள். இனி விடுதலையானாலும் எந்த வீட்டில் சேர்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் கையை வைத்தேன்.

அக்டோபர் 27

தச்சர் சங்கத் தலைவர் ஷெபெஸ்டா ஏணியைத் தொட மறுத்துவிட்டார். சித்திரவதை ஏணியில் ஓர் ஆணி அடித்தாலும் அந்தத் தச்சனின் மானம் போச்சு, சங்கத்திலிருந்து தள்ளிவைக்க வேண்டும் என்கிறார்.

"நீயே அடிச்சுக்க வேண்டியதுதானே" என்றார் நீதிபதி என்னிடம்.

"எனக்கொண்ணுமில்ல ஐயா. ஆனா சங்கத்துல இல்லாதவன் தச்சு வேலை செஞ்சா, தச்சருங்க ஐயா பேர்லதான் வழக்குப் போடுவாங்க. போன வருஷம் மேயர் தன் வீட்டு நாய்க்கூண்டத் தானே செஞ்சதுக்கே போட்டாங்க."

இது நிஜம். அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. நீதிபதி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் பயபக்தியோடு தரையைப் பார்த்தேன்.

நவம்பர் 11

மார்ட்டின் திருநாள். வாத்து. அபோலேனா ஒரு காலை எடுத்துத் துணியில் சுற்றிச் சிறைக்கு அனுப்பினாள். "காட்டின சாமானுக்குப் பரிகாரமா?" என்றேன். "வாய மூடிட்டுச் சாப்பிடுங்க" என்றாள்.

ஏணி விவகாரத்தில் புதிய முன்னேற்றம், அதாவது பின்னேற்றம். ஏணி செய்வது தச்சர் வேலையே இல்லை, வண்டிச்சக்கரம் செய்பவர்களின் வேலை என்று ஷெபெஸ்டா பழைய பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார். சக்கரக்காரர்கள் கூடிப் பேசி, ஓடும் ஏணிதான் எங்களுடையது, அதாவது வண்டிக்குப் பக்கவாட்டில் வைப்பது, நிற்கும் ஏணி தச்சருடையது என்று பதில் அனுப்பியிருக்கிறார்கள். சாதாரண நாளில் ஒரு ஏணி வேலைக்காக இவர்கள் இரண்டு கூட்டமும் தெருவில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இப்போது ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கும் அழகைப் பார்த்தால் கண்ணீர் வருகிறது.

நவம்பர் 19

தூங்கவில்லை. மத்தேய் ஞாபகம்.

வண்டிக்காரன். ஏழு வருஷமாச்சு. கோயில் மெழுகுவத்தித் தண்டு ரெண்டு காணாமப் போச்சு, இவன் வண்டி அந்தப் பக்கமா வந்துச்சு, அவ்வளவுதான். நான்தானே கட்டினேன். நான்தானே இழுத்தேன். ஆமா எடுத்தேன்னான். எங்கேன்னு கேட்டாங்க, ஆத்துல போட்டேன்னான். கேட்டதுக்கெல்லாம் ஆமான்னான். நடுவுல என்னைப் பாத்து, "இன்னும் என்ன சொல்லணும், சொல்லுங்க, சொல்லிடறேன்"னான் — என்கிட்ட கேக்கறான். எனக்கு என்ன தெரியும்.

தூக்கில் போட்டேன். அடுத்த கோடையில் கோயில் மணியடிப்பவர் வீட்டுக் கிணறு வற்றியபோது இரண்டு தண்டும் சேற்றில் கிடந்தன. யாரும் என்னைத் திட்டவில்லை. நீதிபதியையும் திட்டவில்லை. அவன்தானே ஒத்துக்கொண்டான் என்றார்கள்.

இந்தப் பெண்ணை ஏணியில் போட்டால் அரை மணி நேரத்தில் ஒத்துக்கொள்வாள். எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். என் கைக்கு அந்தத் திறமை உண்டு. எனக்கு வேண்டாம் அது. ஆனால் மாட்டேன் என்று சொன்னால் என்னைத் துரத்திவிட்டு அடுத்த ஊர்க்காரனைக் கூப்பிடுவார்கள். அவன் குடிகாரன்.

டிசம்பர் 6

ஹினெக் தினமும் நீதிமன்ற வாசலில் நின்று கத்துகிறார். ஒருவழியாகச் சமரசம். தச்சர்கள், சக்கரக்காரர்கள், கொல்லர்கள் மூன்று சங்கமும் கொடி மேளத்தோடு ஊர்வலமாக வந்து எல்லாருமாக ஏணியைச் செய்வார்கள். எல்லாரும் தொட்டுவிட்டால் யாரும் யாரையும் குத்திக்காட்ட முடியாது. எல்லாருக்கும் முன்னால் முதல் அடியை நீதிபதி அடிக்க வேண்டும்.

நீதிபதிக்கு முகம் வெளுத்தது. "நான் சட்டம் படிச்சவன்" என்றார்.

"நாங்க படிக்காதவங்க. அதனாலதான் ஐயா முன்னாடி நிக்கணும்" என்றார் ஷெபெஸ்டா.

டிசம்பர் 13

லூசியா திருநாளன்று இப்படியொரு கூத்து இந்த ஊரில் நடந்ததில்லை.

சந்தைத் திடலில் மேளம், மூன்று கொடிகள், ஒரு பீப்பாய் பீர். நடுவில் புது மரத்தில் ஏணி. நீதிபதி ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடிக் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். சுத்தியலை ஏதோ செத்த எலி மாதிரி பிடித்து ஓர் அடி அடித்தார். ஆணி வளைந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

அடுத்து சங்கத்தார். எல்லாரும் ஒரே ஆணியில் ஆளுக்கொரு அடி அடித்தால் போதும் என்றார் எழுத்தர். ஷெபெஸ்டா ஒப்பவில்லை. "மொத அடி அடிச்சவனுக்கு முழு ஆணி, கடைசி ஆளுக்கு வெறும் தலை. நாளைக்கு அவன், எனக்கு மானம் பாதிதான் போச்சும்பான். ஆளுக்கு ஒரு ஆணி. முழு ஆணி."

ஆக, ஒரு ஏணியில் நீதிபதியோடு சேர்த்து முப்பத்தேழு பேர், முப்பத்தேழு ஆணிகள். பன்னிரண்டு ஆணிக்கு மேல் அந்த ஏணிக்குத் தேவையே கிடையாது. இருபதுக்கு மேல் ஒருவர் ஆணிமேல் ஒருவர் ஆணி. முப்பத்தொன்றாவது ஆணியில் மரம் 'டிக்' என்றது. நான் தள்ளி நின்றிருந்தேன், எனக்கே கேட்டது. மற்றவர்கள் காதில் மேளம்.

டிசம்பர் 24

கெண்டை மீன். பனி. ரோசினாவுக்கும் ஒரு துண்டு போயிற்று. வால் பக்கம்.

1776 ஜனவரி 9

இன்று நாள் குறித்திருந்தார்கள். பாதி வழியில் இரண்டு முறை வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டுத்தான் போனேன். எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. ரோசினாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மூன்று மாதச் சிறையில் பாதியாகியிருந்தாள். ஏணியைப் பார்க்கக்கூட இல்லை.

நான் பார்த்தேன். பக்கக் கட்டையில், ஆணிக் கூட்டத்துக்கு நடுவில், ஒரு கோடு. மயிரிழை விரிசல். ஒரு மாட்டைக் கட்டித் தூக்கினாலும் அந்த ஏணி தாங்கும். எனக்கு மரம் தெரியும்.

"ஐயா, ஏணி பிளந்திருக்கு" என்றேன்.

நீதிபதி கிட்ட வந்து பார்த்தார். "இது ஒரு பிளவா? என் தலைமுடி இதவிடத் தடிமனாயிருக்கும்யா."

ஐயா தலையில் இருப்பது குதிரைமுடியில் செய்த டோப்பா என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

"பாரம் ஏறினா இது சட்டுனு விட்டுடும். பொண்ணு செத்துருவா. ஒத்துக்காம செத்தா, புஸ்தகப்படி ஐயாகிட்டதான் கேப்பாங்க. எழுத்தர எழுதிக்கச் சொல்லுங்க. தூக்குக்காரன் எச்சரிச்சான், நீதிபதி ஐயா போடச் சொன்னாங்கன்னு."

எழுத்தர் இறகுப் பேனாவை எடுத்து மையில் நனைத்தார். அந்தச் சத்தமே போதுமானதாக இருந்தது. நீதிபதி "நிறுத்து" என்றார். கொஞ்ச நேரம் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு, இந்த ஏணி சட்டப்படி செல்லுமா செல்லாதா என்று ப்ர்னோவில் இருக்கும் மேல்நீதிமன்றத்தைக் கேட்டு எழுதச் சொன்னார்.

வெளியே வந்து சுவரோரம் நின்று சிலுவை போட்டுக்கொண்டேன். பொய் சொன்னதற்கா, தப்பித்ததற்கா? அபோலேனாவிடம் சொன்னேன். "பொய்ய இன்னும் நல்லா, உரக்கச் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

ஜனவரி 31

ப்ர்னோவிலிருந்து பதில் வந்தது. ஏணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அச்சடித்த ஒரு தாள். மகாராணியின் ஆணை, இந்த மாதம் இரண்டாம் தேதி முதல் இந்த நாடுகளில் எங்கும் சித்திரவதை கிடையாது. நான் விரிசலைக் காட்டிக்கொண்டிருந்தபோதே வியன்னாவில் கையெழுத்து விழுந்துவிட்டிருந்தது.

அங்கே பெரிய மூளைகள் எல்லாம் வருஷக்கணக்காக உட்கார்ந்து, மனிதனை இழுத்தால் உண்மை வராது என்று கண்டுபிடித்தார்களாம். ரொம்ப சந்தோஷம். மத்தேயைக் கேட்டிருந்தால் ஒரே மூச்சில் சொல்லியிருப்பான்.

நீதிபதி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப உண்மைய எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார், பாவம்.

"விசாரிச்சுப் பாக்கலாம், ஐயா" என்றார் எழுத்தர்.

பிப்ரவரி 5

அரைச் சாட்சி அரைச் சாட்சியாகவே நின்றுவிட்டது. ரோசினாவை விட்டுவிட்டார்கள். சிறை வாசலில் நான் நின்றிருந்தேன், தள்ளித்தான்.

"நெசமா நீ கொளுத்தலதானே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

யோசித்தாள். "லாந்தரோட போனது நான்தான். திரும்பி வரும்போது கையில லாந்தர் இருந்துச்சா இல்லியான்னு ஞாபகமில்ல. வேணும்னு செய்யல. ஏணியில போட்டிருந்தீங்கன்னா வேணும்னுதான் செஞ்சேன்னு சொல்லியிருப்பேன். யார் சொல்லிக் குடுத்தான்னு கேட்டா உங்க பேரையும் சொல்லியிருப்பேன்."

சிரித்தோம். பக்கத்தில் ஒருவரும் இல்லாததால் சத்தமாகவே சிரித்தோம்.

பிப்ரவரி 10

சாமான்களை நீதிமன்றத்திலிருந்து அப்புறப்படுத்த உத்தரவு. யாரும் தொட முன்வரவில்லை. முப்பத்தேழு பேரும் சேர்ந்து வந்தால்தான் தூக்குவார்களாம். நானே ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கோழிகளுக்குச் சங்கம் கிடையாது. உடனே ஏறி உட்கார்ந்துகொண்டன.

பிப்ரவரி 24

ஆணை வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. என் கை பட்ட தோள் இன்னும் ஊருக்குத் தீட்டாகவே இருக்கிறது. ரோசினா ஒன்பது வீட்டில் வேலை கேட்டாளாம். ஒன்பதிலும் கதவைச் சாத்தினார்களாம். சொந்த மாமன் வீட்டில் கஞ்சிக் கிண்ணத்தை வெளியே வைத்தார்களாம். இழுக்கக் கூடாது என்று மகாராணி சொல்லிவிட்டார். தள்ளிவைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

காலையில் முன்கதவில் தட்டும் சத்தம். சேவகனின் தடி இல்லை, கை. நானும் அபோலேனாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கதவு வரவில்லை, இருவரும் சேர்ந்து இழுத்தோம். பட்டப்பகலில், தெருவே பார்க்க, ரோசினா மூட்டையோடு நின்றாள்.

"பத்தாவது வீடு இது. இங்கயும் தீட்டுன்னு சொல்லிடாதீங்க" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அபோலேனா அவளை உள்ளே இழுத்து, "முட்டைக்கோஸ் பாத்திய மட்டும் மிதிச்சிடாத" என்றாள்.

செப்டம்பர் 18

பேரிக்காய் பறித்தோம். நீதிமன்ற ஏணி மரத்தில் கச்சிதமாகச் சாய்கிறது. ரோசினா மேலே, நான் கீழே பிடித்துக்கொண்டு.

"விரிசல் பக்கம் பாத்து" என்றேன்.

"எந்த விரிசல்? இதுல ஆனையே ஏறலாம். அன்னிக்கே எனக்குத் தெரியும், நீங்க சொன்னது பொய்யின்னு" என்றாள்.

பீர்க்கடைக் குவளை இன்னும் சங்கிலியில்தான் தொங்குகிறது.

நவம்பர் 25

முதல் பனிக்கட்டி. நீதிமன்றப் படியில் நீதிபதி லெடெரர் வழுக்கி விழுந்து தோள்மூட்டு கழன்றுவிட்டது. வைத்தியர் இரண்டு மணி நேரம் இழுத்து இன்னும் மோசமாக்கியிருக்கிறார். மத்தியானம் வேலியோரம் ஒரு குதிரைமுடித் தலை தெரிந்தது. முட்டைக்கோஸ் பாத்தியை மிதித்துக்கொண்டுதான் வந்தார்.

வீங்கிப்போன தோள். வெறுங்கையால் ஆகாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஏணியின் படியில் அக்குளை மாட்டி, ஒருபக்கம் கையை இழுக்க வேண்டும், மறுபக்கம் உடம்பின் பாரம் தொங்க வேண்டும். கூடத்தில் ஏணியைச் சாய்த்தேன். நீதிபதி அதைப் பார்த்தார். ஆணிகளைப் பார்த்தார். முதல் ஆணி வளைந்திருப்பதையும் பார்த்தார். முக்காலியில் ஏறினார்.

நான் கையைப் பிடித்தேன். முக்காலியை நகர்த்த ரோசினா. நகர்த்தினாள். நீதிபதியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, நான் நன்றாக அறிந்த சத்தம்தான். ரோசினா அவர் காதருகே குனிந்து மரியாதையாகக் கேட்டாள்.

"ஐயா, ஹினெக் கொட்டகைய யார் கொளுத்துனது?"

"நான்தான்" என்று அலறினார். "நான்தான் கொளுத்துனேன், விடுங்கடா, நான்தான்."

மூட்டு உள்ளே போய் உட்கார்ந்தது.

அபோலேனா பிளம் சாராயத்தை எங்கள் குவளையில் ஊற்றிக் கொடுத்தாள். நீதிபதி வாங்கிக் குடித்தார். முழுக்கக் குடித்தார். வேர்வை மூக்கு நுனியில் நின்றது.

"எழுத்தர் இல்லாமப் போயிட்டாரே. யார் எழுதிக்கிறது?" என்றாள் ரோசினா.

நீதிபதி அவளைப் பார்த்தார், பிறகு ஏணியைப் பார்த்தார், ரொம்ப நேரம். "அந்த வண்டிக்காரன் பேரென்ன?" என்று என்னிடம் கேட்டார்.

"மத்தேய்" என்றேன்.

தலையாட்டினார். ஒற்றைக் கையால் தொப்பியை வைத்துக்கொண்டார். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நான் பின்பக்கம் வேலியைக் காட்டினேன். அவர் முன்கதவுக்குப் போய் இழுத்தார். நகரவில்லை. ரோசினா சுவரில் காலை ஊன்றி ஓர் இழுப்பு இழுத்தாள், திறந்துகொண்டது. தெருவில் ஷெபெஸ்டா உள்பட நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் நடுவே நீதிபதி கட்டுப்போட்ட கையோடு நேராக நடந்து போனார்.

நாளைக்கு மறக்காமல் அந்தக் கீலுக்கு எண்ணெய் போட வேண்டும்.